சித்தாள் என்ற பெயருக்கு எவ்வளவு குறைவு? சம ஊதியம் பற்றி வாசகர் கேள்விகள்

பெண்களின் ஊதியம் குறித்த கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஏழைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தொழிலாளர் வழக்குகளில் நெடுங்காலம் வாதாடியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரையும் அவர்கள் வேலை செய்யும் இடத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

நானும் என் கணவரும் பத்து ஆண்டுகளாகக் கட்டட வேலைக்குப் போகிறோம். அவர் பெரியாள், நான் சித்தாள். மணல் சலிப்பது, கலவை போடுவது, செங்கல் சுமப்பது, கொத்தனாருக்குச் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுப்பது என எல்லாவற்றையும் இருவருமே செய்கிறோம். சனிக்கிழமை கூலி வாங்கும்போது மட்டும் எனக்கு நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் குறைகிறது. மேஸ்திரியிடம் கேட்டால், "சித்தாள் ரேட்டு அவ்வளவுதாம்மா" என்கிறார். இது சரியா?
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

சரியில்லை. பெரியாள், சித்தாள் என்ற சொற்கள் வேலையின் பெயர்கள் போல வழங்கினாலும், நடைமுறையில் அவை சுட்டுவது வேலையை அல்ல, வேலை செய்பவர் ஆணா பெண்ணா என்பதைத்தான். இருபது ஆண்டு அனுபவமுள்ள பெண்ணையும் யாரும் பெரியாள் என்று கூப்பிடுவதில்லை. நேற்று வந்து சேர்ந்த பதினெட்டு வயது இளைஞனை யாரும் சித்தாள் என்று சொல்வதில்லை. கூலியைப் பெயரோடு கட்டிவிட்டால், பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் இந்தப் பெயர்களைப் பார்ப்பதில்லை. ஆண், பெண் இருபாலருக்கும் சமவேலைக்குச் சம ஊதியம் கிடைக்குமாறு அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு கூறுகிறது. அதை நிறைவேற்ற 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1976-இல் சம ஊதியச் சட்டமும் வந்தன. இப்போது அதன் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 இருக்கிறது. ஒரே முதலாளியிடம், ஒரே வேலையை அல்லது ஒத்த தன்மையுடைய வேலையைச் செய்பவர்களுக்கிடையே பாலினத்தைக் காரணம் காட்டி ஊதியத்தில் வேறுபாடு கூடாது என்பது அதன் 3-ஆவது பிரிவு. ஒத்த வேலை எது என்பதை அறிய வேலைக்கு வேண்டிய திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றையும், எத்தகைய சூழலில் அந்த வேலை நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறு வேறுபாடுகள் இருந்தாலும், அவை நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கவையல்ல என்றால் அவற்றைக் கணக்கில் கொள்ளக் கூடாது.

இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு முக்கியம். மேஸ்திரி நாளை அதிகாரி முன் வந்து, "சிமெண்ட் மூட்டையை ஆண்கள்தானே இறக்குகிறார்கள்?" என்று கேட்பார். ஐம்பது கிலோ மூட்டை என்பது உண்மைதான். உங்கள் கணவர் காலை முதல் மாலை வரை மூட்டை மட்டுமே சுமக்கிறார் என்றால் அது வேறு வேலை. லாரி வரும் நாளில் அரை மணி நேரம் மூட்டை இறக்கிவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் நீங்கள் தூக்கும் அதே சட்டியை அதே சாரத்தின் மேல் தூக்குகிறார் என்றால், அந்த அரை மணி நேரத்துக்கு இருநூறு ரூபாய் விலை என்று எந்த அதிகாரியும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கட்டட வேலையைப் பற்றியே உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. தில்லியில் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடப்பதற்காக அரங்கங்களும் பாலங்களும் எழுந்துகொண்டிருந்தபோது, அந்த வேலையிடங்களில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 7 ரூபாய்தான் கொடுக்கிறார்கள், மீதியை ஆள் கொண்டுவரும் ஜமாதார்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. அன்றைய குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. சம ஊதியச் சட்டத்தை மீறுவது அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவ உரிமையையே மீறுவதாகும் என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம், எங்களுக்குத் தொடர்பில்லை என்று மைய அரசும் தில்லி வளர்ச்சி ஆணையமும் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஜமாதார் என்ற சொல்லை எடுத்துவிட்டு மேஸ்திரி என்று போட்டுப் படித்தால் உங்கள் சனிக்கிழமைதான் அது.

எங்கள் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண் ஆள். வரப்பு வெட்ட, மருந்தடிக்க ஆண் ஆள். ஆண் கூலி ஏறக்குறைய இரு மடங்கு. வேலையே வேறு என்னும்போது சட்டம் என்ன செய்யும்?
(வாசகர், திருவாரூர் மாவட்டம்)

நேர்மையாகச் சொன்னால், அதிகம் செய்யாது. வேலைகள் உண்மையிலேயே வேறானவை என்றால் "ஒத்த வேலை" என்ற கதவு திறக்காது. நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நாற்று நடும் உழைப்பு வரப்பு வெட்டும் உழைப்புக்கு எந்த வகையில் குறைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதை அளந்து ஒப்பிடும்படி நம் சட்டம் யாருக்கும் ஆணையிடவில்லை. இதைப் பற்றித் திருப்பூர் வாசகிக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அறுப்பு, கட்டுத் தூக்குதல், களத்து வேலை போன்றவற்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இறங்கும் நாளிலும் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு தொகை கொடுத்தால் அது நேரடியான சட்ட மீறல்.

மேஸ்திரிகளும் மிராசுதாரர்களும் சொல்வதுபோல இது மாற்ற முடியாத ஊர் வழக்கம் அல்ல. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் நெடுங்காலம் இருந்த நாட்கூலி வேறுபாடு 1984-இல் நீக்கப்பட்டது. ஆனால் அங்கும் ஒரு குறிப்பு உண்டு. ஆண்கள் தங்களுக்குக் கொடுத்த கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்), உரமிடல் போன்ற வேலையை முடித்துக்கொண்டு மதியத்தோடு வீடு திரும்புவதும், கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலை நிறுவை வரை மலையிலேயே நிற்பதும் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. நாட்கூலி சமமானது, நாளின் நீளம் சமமாகவில்லை.

பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பிசிர் வெட்டுவது, டேமேஜ் பார்ப்பது எல்லாம் பெண்கள். கட்டிங், அயர்னிங் எல்லாம் ஆண்கள். ஒரு சட்டை ஏற்றுமதிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது நாங்கள்தான். ஆனால் எங்கள் சம்பளம்தான் குறைவு. "அது ஸ்கில்டு வேலை, உங்களுடையது ஹெல்ப்பர் வேலை" என்கிறார்கள். யார் இதை முடிவு செய்வது?
(வாசகி, திருப்பூர்)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யார் முடிவு செய்வது என்று நீங்கள் கேட்பதை 1968-இல் இங்கிலாந்தின் டேகனம் நகரில் இருந்த ஃபோர்டு கார் ஆலையின் பெண் தையல் தொழிலாளிகளும் கேட்டார்கள்.

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பெண்கள் 187 பேர். தைக்கத் தெரிந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள். இருந்தும் தர நிர்ணயத்தில் அவர்களைத் திறன் குறைந்த 'பி' தரத்தில் வைத்துவிட்டு, அந்தத் தரத்து ஆண்களுக்குக் கொடுத்ததைவிடவும் குறைவாகக் கொடுத்தது நிறுவனம். அவர்கள் மூன்று வாரம் வேலையை நிறுத்தினார்கள். இருக்கை இல்லாமல் கார் வெளியே போக முடியாது என்பதால் ஆலையே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டு, ஆண்கள் வாங்குவதைவிட 8 விழுக்காடு மட்டும் குறைவு என்ற அளவுக்கு ஊதியம் உயர்ந்தது. அந்தக் குறையும் அடுத்த ஆண்டு நீங்கியது. இங்கிலாந்தின் 1970-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்துக்கு வழி வகுத்த போராட்டம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது தங்கள் தையலைத் திறன் மிக்க வேலையாக ஏற்று 'சி' தரத்தில் வைக்க வேண்டும் என்பதைத்தான். அது கிடைக்க இன்னொரு வேலைநிறுத்தமும், 1984-ஆம் ஆண்டும் வர வேண்டியிருந்தது.

ஊதியம் குறைவது ஒரு குறை. திறனையே திறன் இல்லை என்று எழுதிவைப்பது அதைவிட ஆழமான குறை. பெண்களின் கைக்குத் தானாகவே வருவதாக நினைக்கும் வேலைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தையலும், பிசிர் வெட்டுவதும், சமையலும், நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அந்த வகை. மங்கலான விளக்கொளியில் ஒரு துணியில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண் எத்தனை மாதப் பழக்கத்தில் வரும் என்று உங்கள் சூப்பர்வைசரைக் கேட்டால் சொல்வார். அவரும் அதைப் பழகித்தான் வந்திருப்பார்.

இங்கிலாந்தில் இதற்குப் பின்னர் சட்டத்திலேயே வழி செய்தார்கள். வேலைகள் வேறாக இருந்தாலும் அவற்றின் மதிப்பு சமமாக இருந்தால் ஊதியமும் சமமாக வேண்டும் என்று 1984 முதல் கோரலாம் என்றானது. அதன்படி முதலில் வென்றவர்களுள் ஒருவர் ஜூலி ஹேவர்டு, கப்பல் கட்டும் தளம் ஒன்றின் உணவகத்துச் சமையற்காரர். தன் வேலையை அதே தளத்தின் பெயின்டர், தச்சர், வெப்பக்காப்பு வேலை செய்பவர் ஆகியோரின் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டார். மதிப்பு சமம் என்று முடிவானது. "ஊதியம் குறைவாக இருந்தாலும் இலவச உணவும் கூடுதல் விடுப்பும் தருகிறோமே" என்ற நிறுவனத்தின் வாதத்தையும் 1988-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை ஏற்கவில்லை.

இந்தியாவில் அந்த வழி இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கை "சம மதிப்புள்ள வேலை" என்றுதான் பேசுகிறது. 1958-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1976-இல் சட்டம் எழுதும்போது "ஒரே வேலை, ஒத்த வேலை" என்று குறுக்கினார்கள். 2019-இலும் அதை விரிக்கவில்லை. எனவே செக்கிங்கைக் கட்டிங்கோடு ஒப்பிட்டு நீங்கள் வழக்குப் போட்டால் வெல்வது கடினம் என்றுதான் சொல்ல வேண்டும். செக்கிங் மேசையில் ஆண் ஒருவர்கூட இருந்து அவருக்கு அதிகம் கொடுத்தால், அல்லது அயர்னிங்கில் பெண்களை எடுக்கவே மாட்டோம் என்றால் சட்டம் உங்கள் பக்கம். மற்றதற்குத் தொழிற்சங்கமும், தர நிர்ணயத்தைத் திறக்கச் செய்யும் பேச்சுவார்த்தையும்தான் வழி. டேகனம் பெண்கள் வழக்குப் போடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என்னோடு ஒரே டீமில், ஒரே பதவியில் இருப்பவரின் சம்பளச் சீட்டைப் பிரிண்டரில் தற்செயலாகப் பார்த்தேன். என்னைவிட மாதம் பதினெட்டாயிரம் அதிகம். ஹெச்.ஆரிடம் கேட்டபோது, சம்பளம் இரகசியம், மற்றவர் சீட்டைப் பார்த்ததே தவறு என்று என்னையே கண்டித்தார்கள். பிறகு, "அவர் முன்பு இருந்த இடத்தில் அதிகம் வாங்கினார், அதனால் கொடுத்தோம்" என்றார்கள். என்ன செய்யலாம்?
(வாசகி, சென்னை)

முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இரகசியம் காக்கும் நிபந்தனை இருக்கலாம்; அதற்காகச் சட்டம் தரும் உரிமையைக் கேட்க முடியாது என்று ஆகிவிடாது.

உங்களுக்கு நேர் முன்னோடி என்று சொல்லத்தக்க வழக்கு, பம்பாயில் இருந்த மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தின் சுருக்கெழுத்தாளர் ஆட்ரி டிகோஸ்டா தொடுத்தது. 1977 ஜூனில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பிறகு, பணியில் இருந்த காலத்தில் ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடத் தனக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முறையிட்டார். நிறுவனம் அடுக்கிய காரணங்களைப் படித்தால் உங்கள் ஹெச்.ஆர். நினைவுக்கு வருவார். பெண்கள் மேலதிகாரிகளின் அறையில் அமர்ந்து அந்தரங்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்பவர்கள், ஆண்கள் பொதுப் பிரிவில் இருப்பவர்கள், ஆகவே இரண்டும் வேறு வேலை என்றது. ஊதியம் தொழிற்சங்கத்தோடு பேசி ஒப்புக்கொண்டது என்றது. சமமாகக் கொடுக்க நிறுவனத்துக்கு வசதி இல்லை என்றது. 1987 மார்ச்சில் நீதிபதி ஈ.எஸ். வெங்கடராமையா இவற்றையெல்லாம் தள்ளினார். ஏட்டில் என்னென்ன வேலை கொடுக்க முடியும் என்பதைப் பார்க்காமல், அன்றாடம் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்பதை விரிந்த பார்வையோடு பார்க்க வேண்டும். ஒப்பந்தம் சட்டத்தை வெல்லாது. வசதியின்மை ஒரு காரணமே அல்ல என்பது தீர்ப்பின் சாரம். கிடைத்த தொகை ஏழாயிரத்துச் சொச்சம்தான். அந்த ஏழாயிரத்தைக் கொடுக்காமல் இருக்க நிறுவனம் பத்தாண்டு வழக்காடியது.

அறை, பொதுப் பிரிவு என்பவை அன்றைய பெயர்கள். 'சீனியர் அனலிஸ்ட் ஒன்று', 'சீனியர் அனலிஸ்ட் இரண்டு' என்பவை இன்றைய பெயர்கள். உங்களுக்கோ பதவிப் பெயரும் ஒன்றாக இருக்கிறது என்பதால் வழக்கு இன்னும் எளிது.

பழைய சம்பளத்தைக் காரணம் காட்டுவது கொஞ்சம் நுட்பமானது. நேரடியாக அது பாலினக் காரணம் அல்ல என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் முன்பு வேலை செய்த இடத்தில் குறைவாகக் கொடுத்ததால் இங்கும் குறைவு, இங்கு குறைவு என்பதால் அடுத்த இடத்திலும் குறைவு என்று ஒரு பெண்ணின் முதல் வேலையில் நடந்த தவறு வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. இதை உணர்ந்துதான், வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளம் கேட்கக் கூடாது, தர இருக்கும் சம்பளத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு நெறியாணை பிறப்பித்து, உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7-க்குள் அதைச் சட்டமாக்கக் காலக்கெடு விதித்தது. நம் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. புதிய தொகுப்பில் "அனுபவம்" என்ற சொல்லைச் சேர்த்திருப்பதும் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது கிடையாது. மகப்பேற்றுக்காக ஈராண்டு வீட்டில் இருந்த பெண்ணுக்கு எதிராகத்தான் அந்தச் சொல் முதலில் பயன்படும் என்று அஞ்சுகிறேன்.

பிரிண்டரில் சீட்டைப் பார்த்ததற்காக வெட்கப்படவும் வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டயர் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டருக்கு, ஏறத்தாழ இருபது ஆண்டுப் பணிக்குப் பிறகு யாரோ பெயரில்லாமல் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டில்தான் உண்மை தெரிந்தது. அவர் மாதம் 3,727 டாலர் வாங்கினார். அதே வேலையில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். முதன்முதலில் சம்பளத்தைக் குறைத்து நிர்ணயித்த 180 நாளுக்குள் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 2007-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் புகார் கொடுப்பது? அந்த அநியாயத்தை நீக்க, குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு மாதச் சம்பளமும் ஒரு புதிய மீறல் என்று 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. அவர் கைக்கு அதனால் ஒரு டாலரும் வரவில்லை.

கரூரில் சிறிய அளவில் ஜவுளித் தொழில் நடத்துகிறேன். பெண்கள் பாரம் தூக்க மாட்டார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பார்கள், மகப்பேற்று விடுப்பு வேறு. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் சம்பளத்தில் சிறிது குறைக்கிறோம். சமமாகக் கொடுக்க வேண்டும் என்றால் ஆண்களையே எடுத்துக்கொள்வேன். அல்லது எல்லாருக்கும் குறைத்துச் சமமாக்கட்டுமா?
(வாசகர், கரூர்)

ஐயா, மனத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வழிகளையும் சட்டம் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறது. சமமாக்குவதற்காக யாருடைய ஊதியத்தையும் குறைக்கக் கூடாது. ஒத்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காக ஒதுக்கவும் கூடாது.

பாரம் தூக்குவது உண்மையில் ஒரு தனி வேலை என்றால் அதற்குத் தனி ஊதியம் வையுங்கள், அதை ஆண் செய்தாலும் பெண் செய்தாலும். தறி ஓட்டுவதற்கும் மடித்துக் கட்டுவதற்கும் பாரத்தின் பெயரால் குறைக்காதீர்கள். விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பது உங்கள் விதிகளைப் பொறுத்தது. விடுப்பு எடுப்பார் என்று எதிர்பார்த்து, வந்து வேலை செய்த நாளின் சம்பளத்தைக் குறைப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

மகப்பேறு பற்றி நீங்கள் சொன்னதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர். இன்று ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வருமான இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்தவுடன் தொடங்குகிறது என்று அவர் காட்டினார். நம் நாட்டில் 2017 முதல் 26 வாரச் சம்பளத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பு இருக்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் (இ.எஸ்.ஐ.) திட்டத்துக்குள் வராத இடங்களில் அந்தச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில்தான் விழுகிறது. அதை அரசோ ஒரு பொதுக் காப்பீட்டு நிதியோ ஏற்காதவரை, உங்களைப் போன்ற சிறு முதலாளிகள் இளம் பெண்களை எடுக்கத் தயங்குவார்கள். ஆனால் அது நீங்கள் அரசிடம் கேட்க வேண்டிய கணக்கு. உங்களிடம் மடித்துக் கட்டும் பெண்ணின் வாரக் கூலியிலிருந்து எடுக்க வேண்டியது அல்ல.

இந்தியக் கிரிக்கெட்டில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே சம்பளம் என்கிறார்களே, உண்மையா?
(கல்லூரி மாணவர், மதுரை)

ஆட்டத்துக்கான கட்டணம் சமம். 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் அறிவித்தபடி டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். ஆண்டு ஒப்பந்தம் அப்படி அல்ல: 2024-25 பட்டியலில் ஆண்களின் முதல் தரத்துக்கு 7 கோடி, பெண்களின் முதல் தரத்துக்கு 50 லட்சம். பெண்கள் ஓர் ஆண்டில் எத்தனை டெஸ்ட் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், 15 லட்சம் என்ற சமத்துவம் வாரியத்துக்கு எவ்வளவு மலிவாக முடிகிறது என்பது விளங்கும்.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியதால் பெண்களுக்கு இழப்பா, ஆதாயமா? புகார் எங்கே, எப்படிக் கொடுப்பது?
(சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி, இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள்)

இரண்டும் உண்டு. பழைய சட்டம் ஆண், பெண் என்று மட்டும் பேசியது. புதிய தொகுப்பு பாலினம் என்று பேசுவதால் திருநங்கையரும் திருநம்பியரும் அதற்குள் வருகிறார்கள். பொதுவாக ஊதியம் என்ற கணக்கில் சேராத வீட்டு வாடகைப் படி, பயணப் படி, மிகைநேரப் படி ஆகியவற்றையும் சம ஊதியத்தை ஒப்பிடும்போது சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தைச் சமமாக வைத்துவிட்டுப் படியில் விளையாடும் வழக்கம் இதனால் அடிபடும் என்று நம்புகிறேன். இழப்பு என்றால், பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் வேறுபாடு கூடாது என்று 1987-இல் பழைய சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். புதியதில் "வேலை நிபந்தனைகள்" என்ற பொதுச் சொல்தான் இருக்கிறது. பழைய சட்டத்தில் முதல் குற்றத்துக்கே சிறைத் தண்டனைக்கு இடமிருந்தது. இப்போது தர வேண்டியதைவிடக் குறைத்துக் கொடுத்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. ஐந்தாண்டுக்குள் மீண்டும் செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பாதிக்கப்பட்டவருக்குச் சிறையைவிட முக்கியமானது தொகை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தையும் மன்னிக்கலாம். தீர்மானிக்கும் தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. முதலாளி கொடுக்காவிட்டால் மாவட்ட ஆட்சியர் நில வரி பாக்கியைப் போல வசூலித்துத் தர வேண்டும். விண்ணப்பத்தைத் தொழிலாளி தானே கொடுக்கலாம், அவர் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் கொடுக்கலாம், ஆய்வாளரும் கொடுக்கலாம். பெயரை வெளியே சொல்ல அஞ்சுபவர்களுக்குச் சங்கத்தின் வழி நல்லது. தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் தொடங்குங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் விதி. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கான ஆணைக்குழு இருக்கிறது.

சான்று பற்றி ஒரு சொல். சம்பளச் சீட்டு கொடுப்பது இப்போது முதலாளியின் கடமை, கேட்டு வாங்குங்கள். விழுப்புரத்து வாசகிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சீட்டு கிடைப்பது அரிது என்பதால், ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, எந்த இடம், யார் மேஸ்திரி, காலை முதல் மாலை வரை என்ன வேலை, அதே வேலையில் பக்கத்தில் நின்ற ஆண் யார், இருவருக்கும் என்ன கொடுத்தார்கள் என்று அன்றன்று மாலையே எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொன்னாலும் சரி. தேதி தவறாமல், மை மாறி மாறி, சாந்துக் கறையோடு வரும் அப்படிப்பட்ட நோட்டை அதிகாரிகள் நம்புவதை நான் பார்த்திருக்கிறேன். மொத்தமாக ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். உங்கள் கணவரின் கூலிக் கணக்கும் அதே வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்கு வாய்த்த வசதி. ஒப்பிட வேண்டிய ஆணைத் தேடி நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை.